பாரன் அப்புவுக்கு ஒரு கல்வெட்டு

டென்மார்க் ரயிலில் வாய் திறக்கக்கூடாத பெட்டி ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஹம்பேர்க் தாண்டியதிலிருந்து நான் வெண்பா கட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள்ளேயே கட்டக்கூடியவர்கள் இருக்கலாம். எனக்கு வாய் முணுமுணுக்க வேண்டும், விரல் தொடையில் தாளம் போட வேண்டும். எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்த பெண்மணி என்னை மூன்று தரம் நிமிர்ந்து பார்த்தார். நாலாம் தரம் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த முகம் ஒன்று அதில் இருந்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனேன். அங்கே ஈற்றடி தானாக வந்து விழுந்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் இறங்க வேண்டிய கோல்டிங்கை விட்டுவிட்டு வைலேயில் போய் இறங்கினேன். பின்னல்காரப் பெண்மணியும் அங்கேதான் இறங்கினார்.

“உங்கள் பாட்டு முடிந்துவிட்டதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“முடிந்தது.”

“யாருக்கு?”

“இறந்துபோன ஒருவருக்கு.”

அவர் பையைத் திறந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துத் தந்தார். வாயில் போட்டால் உப்பு. இனிப்பென்று நம்பி வாயில் போட்டவனை உப்புக் கரிக்க வைக்கும் மிட்டாயை இந்த நாட்டார் ஆசையாகத் தின்கிறார்கள். துப்பினால் மரியாதையில்லை என்று விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன்.

என்னைத் தேடி நேசன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். சுகந்தியின் கணவன், யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வாயில் எப்போதும் ஒரு நக்கல்.

“கோல்டிங் எண்டு கொட்டை எழுத்தில எழுதியெல்லோ அனுப்பினனான், மாமா.”

“வெண்பா முடியேல்லைத் தம்பி.”

“நல்ல காலம் இஞ்ச முடிஞ்சுது. இன்னும் ரெண்டு அடி இருந்திருந்தா வடக்கால கடலுக்கை போயிருப்பியள்.”

கார் ஓடும்போது வானொலியில் எங்கள் நாட்டின் பெயர் வந்தது. நேசன் கையை நீட்டி அதை நிற்பாட்டினான். ஊரில் போர் முடிந்துவிட்டதென்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. சுகந்தியின் தம்பி வன்னியில் இருந்தான். மூன்று மாதமாக அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. “வீட்டில அதைப்பற்றி நீங்களாக் கேட்காதேங்கோ, மாமா. அவளாச் சொன்னா மட்டும் கேளுங்கோ,” என்றான்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, எல்லாம் தாள்தான். இறந்தவரின் ஊர், குலம், படிப்பு, உத்தியோகம், கலியாணம் யாவும் அதில் பாட்டாக வரும். இறந்த திதியை வெண்பாவில் கட்டி வைப்போம். அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். அவர்கள் யாரும் இவற்றைப் புலம்புவதில்லை. என்னைப் போன்றவர்கள்தான் புலம்பிக் கொடுக்கிறோம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாப்பு சொல்லித்தந்ததும் பழைய கல்வெட்டுகள்தான். பாரிஸில் அச்சகம் ஒன்றில் வேலை. ஐரோப்பாவில் கண்மூடிய எங்கள் சனத்துக்கு இருபது வருடமாகப் பாட்டுக் கட்டி வருகிறேன். விவரங்களை மருமகனோ மூத்த மகனோ தொலைபேசியில் சொல்வார்கள். துக்கத்தில் இருக்கும் மனைவியைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வது அழகில்லை. அதனால் மனைவியிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்காமலே அவருக்காக நாற்பது வரி அழுதுவிடுவேன்.

சுகந்தி என் கூட்டாளியின் மகள். தபால்காரராக இருந்த அவள் தகப்பனுக்கு நான்தான் கல்வெட்டு எழுதினேன். இந்தத் தடவை அவள் தொலைபேசியில் கேட்டபோது, பிள்ளை ஏதோ மாறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இறந்தவர் ஒரு ஜெர்மன்காரர். பரம்பரைப் பிரபு. இராணுவ அதிகாரியாக இருந்தவர். போதாக்குறைக்குக் கவிஞர்.

“விவரம் தர மருமகன் இல்லை, மாமா. பிள்ளைகளே இல்லை. நேரில வாங்கோ,” என்றாள். ஆகவே போனேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு புட்டும் மீன் குழம்பும். மேசையில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் சுகந்தியின் தொலைபேசி முகம் மேலே பார்க்க வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுகந்திக்கு நகரசபை வேலை. வயதானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, சாப்பாடு கொடுக்க வேண்டும். அப்படித்தான் ஆறு வருடத்துக்கு முன் பாரன் வீட்டுக்குப் போனாள். பாரன் என்பது அவர் பட்டம், பெயரில்லை. அந்தப் பட்டத்தோடு எங்கள் மரியாதையையும் ஒட்டிப் பாரன் அப்பு என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

“அப்பாவின்ரை ஆண்டுத் திவசத்தண்டு கல்வெட்டைக் கைப்பையில வைச்சிருந்தனான். அது என்ன புத்தகம் எண்டு கேட்டார். சொன்னன். வாசி எண்டார். ஒவ்வொரு நாளும் ரெண்டு பாட்டு வாசிச்சு டேனிஷில சொல்லுவன். முடிய ஒரு மாசம் எடுத்தது.”

“என்ன சொன்னார்?”

“‘எங்கட நாட்டில பெரிய ஆக்கள் செத்தாத்தான் பாட்டு. உங்கட நாட்டில தபால்காரனுக்குமோ?’ எண்டார். ஓம், எல்லாருக்கும் எண்டன். ‘எனக்கும் ஒண்டு வேணும்’ எண்டார். செய்யிறன் எண்டு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டன், மாமா.”

“மனிசிக்குத் தெரியுமோ?”

சுகந்தி எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். “தோராவுக்குப் பாட்டுக் கவிதை எண்டாப் பிடிக்காது. ஏனெண்டு தெரியாது. ஞாயிறு முப்பத்தொண்டு. அதுக்குள்ள சொல்லுவம் எண்டு பாத்தால் வாய் வருகுதில்லை.”

“சத்தியம் பண்ணேக்கை வாய் நல்லா வந்தது,” என்றான் நேசன்.

அன்று படுக்குமுன் அவள் சொன்ன சரித்திரத்தை எழுதிக்கொண்டேன். கிழக்கே, இப்போது போலந்து நாட்டுக்குள் போய்விட்ட ஒரு ஊரில் பெரிய மாளிகை, குதிரை லாயம், ஏரி. தகப்பனும் பாட்டனும் இராணுவம். இவர் பயிற்சிக் கல்லூரியிலேயே கவிதை எழுதி, இருபத்திரண்டு வயதில் ஒரு மெல்லிய புத்தகம் போட்டவர். கொடியைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் பாடியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் கோல்டிங் பக்கத்து ரயில் பாதையைக் காக்க அனுப்பப்பட்டார். போர் முடிந்தபோது இங்கிருந்த ஜெர்மன் படை முழுவதும் கால்நடையாக எல்லை தாண்டிப் போனது. அவரும் நடந்தார். மாளிகையும் போய், ஊரும் போய், ஒரு செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். ஏழு வருடம் கழித்து இங்கே திரும்பி வந்தார், தோராவைக் கட்டினார். அதன்பின் முப்பது வருடம் பால் லொறி ஓட்டினார். சாகும்வரை ஒரு வரி கவிதை எழுதவில்லை.

குலச்சிறப்புப் பாட இப்படியொரு ஆள் எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. கை துறுதுறுத்தது.

மறுநாள் வியாழன், ஏதோ தேவாலயத் திருநாள், கடைகள் பூட்டு. வீட்டுக்கு வீடு வெள்ளைக் கம்பத்தில் சிவப்புக் கொடி பறந்தது. பிறந்தநாளுக்கும் கொடி, பெருநாளுக்கும் கொடி, கேக்கிலும் கொடி குத்துவார்கள் என்றான் நேசன். கொடிக்காக இத்தனை பேர் செத்த நாட்டிலிருந்து வந்தவனுக்குக் கேக்கில் குத்திய கொடி விசித்திரமாக இருந்தது.

தோராவின் வீடு சிறியது. பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தி. எண்பத்துமூன்று வயது. நேரான முதுகு, தோளுக்குக் கீழே வந்த முழு வெள்ளை முடி. சுகந்தி கதவைத் திறந்தபடியே “தோரா” என்று கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய்க்குத் தாய் வயதுக்காரியை வெறும் பெயரால் கூப்பிடுவதா என்று கேட்டேன். இங்கே பிரதமரையும் அப்படித்தான் என்றாள்.

சாப்பாட்டுக்கு ரை தானிய மாவில் சுட்ட கறுத்த பாண், அதன் மேல் ஈரல் களி, பீற்றூட் ஊறுகாய். சுகந்தி தன் பையிலிருந்து உறைப்பான கட்டைச் சம்பல் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். தோரா ஈரலுக்கு மேல் சம்பலைப் பூசிச் சாப்பிட்டார். “இது இல்லாமல் இப்ப பாண் இறங்காது. உங்கட பிள்ளை என்னைக் கெடுத்துப்போட்டாள்,” என்றார்.

அவர் சொன்னது டேனிஷ். நான் கேட்டது சுகந்தியின் யாழ்ப்பாணத் தமிழ். ஆகவே இந்தக் கட்டுரையில் தோரா எங்கள் ஊர்க்காரி போலத்தான் கதைப்பார். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாரனின் நாற்காலி யன்னலோரம் இருந்தது. அதைப் பார்த்து, நானும் பாட்டுக் கட்டுகிறவன் என்று மெல்லத் தொடங்கினேன். உங்கள் கணவரின் கவிதைகள் ஏதும் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

தோரா கத்தியைத் தட்டில் வைத்தார். “இந்த வீட்டில பாட்டு இல்லை. கோப்பி போடட்டோ?”

வெள்ளிக்கிழமை முழுவதும் எழுதினேன். பிள்ளையாருக்குக் காப்புச் செய்யுள் வைப்பதா என்று குழம்பினேன். “மனிசன் வேதக்காரன், மாமா. பிள்ளையார் கோவிக்க மாட்டார், பாதிரியார்தான் கோவிப்பார்,” என்றான் நேசன். காப்பு இல்லாமல் தொடங்கினேன். சித்திரை அமாவாசையில் அவர் போன திதிக்கு ரயிலிலேயே வெண்பா அமைந்திருந்தது. குலச்சிறப்பில் மாளிகையும் ஏரியும் வந்தன, வீரத்தில் குதிரை வந்தது. கடைசியாக, வழக்கம்போல் ஒரே மூச்சில், மனைவி புலம்பல்:

பூவோடு பொட்டிழந்து புலம்புகிறேன் என்துரையே
நாவாற நான்பேச நாயகனே வாரீரோ

இப்படி நாற்பது வரி. சுகந்தி வாசித்துக் கண்ணைத் துடைத்தாள். “இதைக் கேட்டாத் தோரா கட்டாயம் ஓமெண்டுவா. இண்டைக்கே சொல்லுவம்.”

மாலையில் போனோம். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து டேனிஷில் சொன்னாள். மாளிகை, ஏரி, குதிரை எல்லாவற்றுக்கும் தோரா கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். புலம்பல் தொடங்கியது.

“இது ஆர் சொல்லுறது?” என்று கேட்டார்.

“நீங்கள்,” என்றாள் சுகந்தி.

“நானோ?”

“மனைவி சொல்லுறமாதிரி.”

“நான் பூ வைக்கிறதில்லை. பொட்டெண்டா என்ன எண்டே எனக்குத் தெரியாது. நான் புலம்பவுமில்லை. அவரைப் புதைச்ச அடுத்த நாள் உருளைக்கிழங்கு நட்டனான். மழைக்கு முதல் நடவேணும்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “இன்னொரு ஆம்பிளை என்னைக் கேளாமல் என்னைப் பற்றிப் பாட்டெழுதிப்போட்டான்.”

சுகந்தி அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

அப்போதுதான் தோரா தன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயது அவருக்கு. தகப்பனின் பண்ணையிலிருந்து ஜெர்மன் படைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. காலையில் வாளியோடு வேலிப் படலைக்குப் போவார். சிப்பாய் வரவேண்டிய இடத்துக்கு அதிகாரியே வந்து வாங்குவார். ஒரு சொல் பேசியதில்லை, அவரும் இவரும். பால் கை மாறும். அவ்வளவுதான். அந்த அதிகாரி தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் இரவில் கொப்பி ஒன்றில் கவிதை எழுதியிருக்கிறார். போர் முடிந்து நடக்கச் சொன்ன நாளில், அவசரத்தில் அதை மேசைக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

“வாத்தியாருக்கு ஜெர்மன் தெரியும். வாசிச்சார். பதினொரு இடத்தில என்ரை பேர் இருந்தது.”

பால் பண்ணையின் முன்னால் வைத்து, ஊர் பார்க்க, ஆட்டுமயிர் கத்தரிக்கிற கத்தரியால் தோராவின் தலையை மொட்டையடித்தார்கள். ஜெர்மன்காரனோடு போனவள் என்று. தகப்பன் அங்கே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

“போர் மே மாசம் முடிஞ்சது. எல்லாரும் யன்னலில மெழுகுதிரி கொளுத்தினவை. எனக்கு முடிஞ்ச பிறகுதான் தொடங்கினது.”

இந்த வரியைத் தமிழில் சொல்லும்போது சுகந்தி பாதியில் நின்றுவிட்டாள். மேசையில் கிடந்த தன் தொலைபேசியைப் பார்த்தாள். தோரா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுகந்தி மிச்சத்தைச் சொன்னாள்.

ஏழு வருடம் கழித்து அந்த மனிதர் வந்தது தோராவுக்காக அல்ல, கொப்பிக்காக. மதுக்கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர் நேரே பண்ணைக்குப் போய்ப் பன்றிக் கொட்டிலின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“மன்னிப்புக் கேட்டார். டேனிஷ் பிழை பிழையா வந்தது. நான் வாளியைக் குடுத்துப் பன்றிக்குத் தண்ணி வை எண்டன். வைச்சார். அடுத்த நாளும் வந்தார். மூண்டு வருஷம் வந்தார்.”

வெளியே வந்தபோது சுகந்தி காரில் ஏறாமல் நின்றாள். “சத்தியம் போச்சு, மாமா,” என்றாள். இருபது வருடத்தில் எத்தனை மனைவியருக்கு நான் வாய் கடன் கொடுத்திருப்பேன். அதில் ஒருத்தியாவது தன் வீட்டுக் கதவை மூடிக்கொண்டு, இதை நான் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பாளோ.

சனிக்கிழமை காலை மறுபடி போனோம். என் கையில் கல்வெட்டு இல்லை, வெறும் தாளும் பேனாவும்தான். மன்னிப்புக் கேட்டேன். பாரன் அப்பு கேட்டதையும், சுகந்தி வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். “நீங்கள் வேண்டாமென்றால் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது,” என்றேன். பிறகு என் தொழிலில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன். “உங்களிடம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

தோரா பாத்திக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரிசையை ஊற்றி முடித்துவிட்டுத் திரும்பினார்.

“அவர் கேட்டவரோ? உன்ரை அப்பாவின்ரை புத்தகம் மாதிரி?”

“ஓம்,” என்றாள் சுகந்தி.

“எனக்குச் சொல்லேல்லை.” நீர்வாளியைக் கீழே வைத்தார். “எழுதுங்கோ. முப்பது வருஷம் பால் லொறி ஓட்டினார். ஒரு நாளும் பிந்தேல்லை. எனக்கு முதல் எழும்பி அடுப்பு மூட்டுவார். என்ரை பேரை அவர் ஒருக்காலும் சொல்லேல்லை.”

சுகந்தி திகைத்துப்போய் என்னிடம் திரும்பினாள். “நான் கவனிச்சிருக்கிறன், மாமா. ‘நீ’ எண்டுதான் கூப்பிடுவார். எங்கட ஆக்கள் மாதிரி மனிசியின்ரை பேர் சொல்லாமல் ‘இஞ்சேரும்’ எண்டு கூப்பிடுறார் எண்டு நினைச்சு எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது.”

அதைக் கேட்ட தோரா தலையை ஆட்டினார். “இஞ்ச எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறது. நாயையும் பேர் சொல்லித்தான். அவர் ஒருக்கா என்ரை பேரைத் தாளில வைச்சார், என்ரை தலை போச்சு. இனி வாயாலயும் சொல்லுறதில்லை எண்டு தனக்குத் தானே சட்டம் போட்டார். இராணுவக்காரன். சட்டம் எண்டாச் சட்டம். அம்பது வருஷத்துக்கு மேல. அவர் வாயால பேரைக் கேட்க எனக்குத் தேவைப்பட்டது. நானும் கேட்கேல்லை. நான் கேட்பன் எண்டு அவர் பாத்திருந்தாரோ தெரியாது.”

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எதுகை இல்லை, மோனை இல்லை. தலைப்பில் ‘மனைவி புலம்பல்’ என்பதை வெட்டிவிட்டு ‘மனைவி சொன்னது’ என்று போட்டேன்.

தோரா உள்ளே போனார். திரும்பி வந்தபோது, வெள்ளைத் துணிகளுக்குள் வைத்திருந்த மணத்தோடு ஒரு கொப்பி அவர் கையில் இருந்தது. மட்டை பழுப்பேறி, மூலை எலி கடித்தது.

“வாத்தியார் செத்தாப் பிறகு அவரின்ரை மனிசி கொண்டுவந்து தந்தவ. எரிச்சுப்போட்டன் எண்டு அவருக்குச் சொன்னனான்.”

“ஏன் எரிக்கேல்லை?” என்று கேட்டாள் சுகந்தி.

“இதிலதான் கூப்பிட்டிருக்கிறார்.”

ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். இதைக் கல்வெட்டில் போடு என்றார். நல்ல கவிதையா என்று கேட்டேன். “இல்லை. பாலை நிலாவெளிச்சம் எண்டு எழுதியிருக்கிறார். அது ஆடை எடுத்த பால். நல்ல பாலை நாங்கள் ஒளிச்சுப்போட்டம்.” அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கல்வெட்டு என்றால் சபையில் படிக்க வேண்டும், அதற்கென்று உள்ள இழுவை ராகத்தில். ஆகவே அவரை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லி, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். தன் பெயர் வந்த இடங்களில் மட்டும் அவர் வாசிக்கவில்லை. விரலை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். நாலு இடம்.

அன்று மாலை பாரிஸில் இருக்கும் என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “என்னப்பா, உடம்புக்கு ஏதுமோ? நேசனிட்டைக் குடுங்கோ,” என்றாள்.

நேசன் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அச்சுப்பொறியில் நாற்பது பிரதி எடுத்து, கரையில் கம்பி அடித்து வந்தான். முகப்பில் படம் வேண்டுமே என்றேன். மாளிகைக் காலத்துச் சீருடைப் படம் ஒன்று இருந்தது, தோரா சம்மதிக்கவில்லை. லொறியின் படியில் காலை வைத்து நிற்கும் படத்தைக் கொடுத்தார். கணவரின் பெயரை இந்த நாற்பது பிரதிக்கு மேல் வேறெங்கும் போடக்கூடாது என்றார். அந்த வாக்கை இங்கேயும் காப்பாற்றுகிறேன்.

ஞாயிறன்று தோராவின் சின்ன முற்றத்தில் இருபது நாற்காலி. பாதி எங்கள் சனம், பாதி அயலவர்கள். சுகந்தி பாரனுக்குப் பிடித்த ஈரல் களியையும் ஒரு சிறு கிண்ணம் சாராயத்தையும் அவர் படத்தின் முன் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தச் சாராயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வடை சுட்டார்கள், கேக்கும் இருந்தது.

நான் நின்றபடி படித்தேன். திதி வெண்பாவுக்கும் மாளிகைக்கும் எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள், டேனிஷ்காரர் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ‘மனைவி சொன்னது’ பகுதியைச் சுகந்தி இரண்டு மொழியிலும் வாசித்தாள். அயலவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவர் வீட்டுப் பழையவர்கள் அந்தப் பால் பண்ணையின் முன்னால் நின்றவர்களோ என்னவோ.

கடைசிப் பக்கம் வந்தது. தமிழ் எழுத்தில் இருந்த ஜெர்மன் கவிதையை, எங்கள் ஊரில் முப்பத்தொன்றுக்குப் படிக்கிற அதே ராகத்தில் எடுத்தேன். எனக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு சொல். அது முதல் வரியின் முடிவில் நின்றது. கல்வெட்டு ராகத்தில் வரியின் முடிவை இழுத்துத்தான் விட வேண்டும். இழுத்தேன். “தோ...ரா.”

“யா,” என்றார் தோரா. அவர்கள் மொழியில் ‘ஓம்’.

யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துத் தொடர்ந்தேன். இரண்டாம் தடவை வந்ததும் “யா” என்றார். சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள். தோரா யாரையும் பார்க்கவில்லை, கோப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாத்திப் பக்கம் பார்த்திருந்தார். மூன்றாம் தடவையும் அதே பதில்.

நாலாவது பெயர் கடைசி வரியில். அதையும் இழுத்துவிட்டேன். தோரா கோப்பையைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பின்னால் கைவேலையாக இருக்கும்போது முன்வாசலில் இருந்து கூப்பிட்டால் எப்படிக் குரல் கொடுப்பார்களோ, அப்படிச் சற்று உரக்க இரண்டு மூன்று சொல் சொன்னார்.

நாலு நாளும் மொழிபெயர்த்த பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சுகந்தி எனக்குச் சொன்னாள்:

“‘ஓம், இந்தா வாறன்’ எண்டு சொல்லுறா, மாமா.”